பார்த்து எழுதிய தேதி

இன்னும் இரண்டு பாடங்களும் ஒரு கீர்த்தனையும் இருக்கின்றன, அதற்குப் பிறகு நான். ஆராதனை முறைமைத் தாளில் போட்டிருக்கிறது, அச்சுக்குக் கொடுத்ததும் நான்தான், பிழை பார்த்ததும் நான்தான்: சாட்சி, திருமதி ரூபாவதி ஆசீர், செயலாளர், பெண்கள் ஐக்கிய சங்கம். ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் இழுக்கக்கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். தங்கபுஷ்பம் முதலாம் பாடம் வாசிக்கிறாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் போல, வேதப்புத்தகத்தை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ராஜாக்களின் பெயர் வரும் இடமெல்லாம் முள் குத்தியவள் மாதிரி நிற்கிறாள். ஒத்திகையிலேயே சொன்னேன், பெயர்களை நாலு தரம் வாய்விட்டுப் படித்துப் பாரு என்று. பெண்கள் ஞாயிறு வருடத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது, அன்றைக்காவது ஆண்கள் பக்கம் கேலி பண்ணாதபடி வாசிக்க வேண்டாமா. பாருங்கள், இதுதான் என் லட்சணம். வேதம் வாசிக்கிறபோது எனக்கு வேதம் கேட்காது, வாசிக்கிறவளின் பிழைதான் கேட்கும். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்திச்சியாக இருந்ததால் வந்த புத்தி என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் காலையிலிருந்து அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பக்கத்தில் அக்சா உட்கார்ந்திருக்கிறாள். என் ஒரே மகள், முப்பத்திரண்டு வயதில் பெற்றவள், அவளுக்கே இப்போது இருபத்தொன்பது. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. மூன்று நாள் லீவில் வந்திருக்கிறாள், மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் போய்விடுவாள். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். சங்கத்துச் சேலை, வெள்ளையில் நீலக்கரை, கஞ்சி அதிகமாகி மொடமொடவென்று நின்றது, கொசுவம் அடங்கவில்லை. "அக்சா, கீழ கொஞ்சம் புடிச்சு விடுட்டி" என்றேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து கொசுவத்தின் அடியை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள். அவள் உச்சிவகிட்டில் இரண்டு நரைமுடி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எம்மா, நான் இன்னைக்குப் பந்திக்கு வரமாட்டேன்." நற்கருணைப் பந்திக்கு வராமல் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், செயலாளர் மகள் ஏன் எழும்பவில்லை என்று கேட்க மாட்டார்களா, எனக்கு முதலில் தோன்றியது அதுதான், மறைப்பானேன். ஏன் என்றேன். "மூணு வருசமாவே எடுக்கல. அங்க கோயிலுக்கும் போறதில்ல. போறேன் போறேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்." நான் வாயெடுக்குமுன் அவளே தொடர்ந்தாள், கை கொசுவத்தை விடவில்லை. "உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்குக் கெடச்சுது, எனக்குக் கெடைக்கல. சின்னப் பிள்ளையில இருந்தே நானும் காத்து இருந்து பாத்தேன். உங்களக் கூப்பிட்ட மாரி என்னையும் ஆண்டவரு பேர் சொல்லிக் கூப்பிடுவாருன்னு. மொட்டமாடில, கோயில்ல, அப்பாகூட தோட்டத்துல. படிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயி சும்மா உக்காந்திருப்பேன். யாரும் கூப்பிடல. செலபேருக்குத்தான் போலன்னு விட்டுட்டேன்." குரலில் அழுகை இல்லை. பஸ் இந்த ஊரில் நிற்காது என்று தெரிந்துகொண்டவள் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாளே, அந்த நிதானம்தான் இருந்தது. அதற்கு நான், பெற்ற தாய், நாற்பத்தாறு வருட சாட்சிக்காரி, என்ன சொன்னேன் தெரியுமா? "நேரமாகுது, ஊக்கு எங்க வச்ச?" என்றேன். ஊக்கை எடுத்துத் தந்தாள். தோளில் குத்தியும் விட்டாள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. இதைச் சொல்ல எத்தனை எழுத்து, இருபதுகூட இருக்காது, ஆனால் அந்த ஊக்கு தோளில் இறங்கியபோது தொண்டைவரை வந்து நின்றுவிட்டது, இப்போதும் அங்கேயேதான் நிற்கிறது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பது மே பதினேழு, வியாழக்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. எங்கள் ஊர் சீயோன்விளையில் என் இரட்சிப்பின் தேதி, ஆண்டவர் என்னைத் தொட்டதாக நான் சொல்லிவரும் நாள், தெரியாத பிள்ளை கிடையாது. ஓய்வுநாள் பள்ளி வினாடிவினாவில் ஒரு தரம் யாரோ விளையாட்டுக்கு அதையே கேள்வியாகப் போட்டார்கள், பதினோரு பிள்ளைகள் கையைத் தூக்கின. அது என் தேதி இல்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி மேபலின் தேதி. எனக்கு அப்போது பதினைந்து வயது. விடுமுறை முகாம், ஐந்து நாள், பெண்கள் விடுதியில். கடைசி நாள் சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஊழியக்கார அக்கா எல்லோருக்கும் ஒரு ரோஸ் நிற அட்டை கொடுத்தார். மூன்று வரி. பெயர், சபை, இரட்சிக்கப்பட்ட நாள். "மூணாவது வரி காலியா இருக்கிறவங்க மட்டும் இங்கயே இருங்க கண்ணுகளா, நாம பேசுவோம், ஜெபம் பண்ணுவோம். மத்தவங்க காப்பி குடிக்கப் போலாம்." அந்த அக்கா அன்பாகத்தான் சொன்னார், அதில் ஒரு குற்றமும் இல்லை. வெளியே உளுந்துவடை பொரிகிற வாசம். எனக்குப் பசி. பசி மட்டும் என்றால் மன்னித்துவிடலாம், பசியோடு ஒரு பெருமையும் இருந்தது, நான் உபதேசியார் மகள். ஒரு சபையையே மேய்க்கிறவர் பெற்ற பிள்ளை மூன்றாவது வரியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்காதா. மேபல் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள், அன்றைய தேதியை, நாலு மணி என்பதையும் சேர்த்து. நான் லேசாகச் சாய்ந்து பார்த்தேன். எழுதினேன். நாலு மணி என்பதைக்கூட விடவில்லை.

நாலு பிள்ளைகள் உள்ளே இருந்துவிட்டார்கள். நான் முற்றத்தில் மூன்றாவது வடையைத் தின்றுகொண்டிருக்கும்போது வெளியே வந்தார்கள், முகமெல்லாம் வீங்கி, ஒருத்தி மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள், எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியாத சிரிப்பு. அவர்கள் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அந்த நாலு ஐந்தாகியிருக்கலாம். அரைமணி நேரம், அவ்வளவுதான் கேட்டார்கள் என்னிடம். காலியாக இருந்த ஒரு வரியைக் காலியாகவே நீட்டியிருந்தால் போதும். வகுப்பில் பார்த்து எழுதுகிற பிள்ளைகளை எத்தனை பேரை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன், தெரியாட்டா தெரியலன்னு விட்டுட்டு வா, அதுல ஒரு மானம் உண்டு என்று நீட்டி முழக்கியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். உபதேசியார் மகளுக்கு அது வீட்டுச் சொத்து. ஆனால் அப்பா அப்படி இல்லை. அப்பாவுக்கு உள்ளும் புறமும் ஒன்றுதான். அந்த அட்டையை அவரிடம் கொடுத்தபோது சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். அப்படியே சைக்கிள் பக்கத்தில் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மக்ளே, இதுக்காகத்தான் பதினஞ்சு வருசமா கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார், அழுதார், என் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு, அதுவும் பொய், நினைக்கவில்லை. அவர் அழுததைப் பார்த்ததும், ஒருவேளை நிஜமாகவே எனக்கு ஏதோ நடந்துவிட்டது போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

தங்கபுஷ்பம் ஒருவழியாக முடித்து இறங்கிவிட்டாள். எல்லோரும் எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம். உடம்பு தானாக எழும்புகிறது, தானாக உட்காருகிறது, வாய் தானாக ஆமென் சொல்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாவ அறிக்கையை ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். அறிக்கை பண்ண என்ன பாவம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பொய் வளர்ந்த விதத்தை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, அதை ஒருத்தி உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதலில் தேதி மட்டும்தான். நற்கருணை எடுக்கத் தகுதியாக்கும் திடப்படுத்தலுக்கு முந்தின வகுப்பில் போதகர் அய்யர் கேட்டார், "எப்படி இருந்துச்சும்மா அந்த நேரம்?" நெஞ்சில் ஒரு சூடு மாதிரி என்றேன், மற்றவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வாலிபர் கூட்டத்தில் ஒரு வெளிச்சம் சேர்ந்துகொண்டது. எண்பத்தேழிலோ எண்பத்தெட்டிலோ ஒரு பெண்கள் தியானக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த நிமிடத்தில், என்னையறியாமல், "அப்போது யாரோ ரூபா என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் கேட்டது" என்றேன். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. கொட்டாவி விட்டவளே முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதை எப்படி எடுப்பது. அது இல்லாமல் சொன்னால், அந்த இடத்த விட்டுட்டீங்களே டீச்சர் என்று வந்து கேட்பார்கள். ஒரு கொட்டாவிக்காகச் சொன்ன சொல்லை வைத்து என் மகள் மொட்டைமாடியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எட்டு வயதில். பத்து வயதில். பாவாடையைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு. நான் கீழே அடுப்படியில் நின்று, பிள்ளை படிக்கிறாள் என்று என் வீட்டுக்காரருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அய்யோ என் பிள்ளையே.

அவர் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் இருப்பார், எப்போதும் அந்த இடம்தான். அவருக்குத் தேதி கிடையாது. கல்யாணமான புதிதில் கேட்டேன், நீங்க எப்ப இரட்சிக்கப்பட்டீங்க என்று, பெண் பார்க்க வந்தவரிடம் சம்பளம் கேட்கிற தோரணையில். "தேதியெல்லாம் தெரியாது ரூபா. ஒருநாள் பாத்தா இருந்தாரு. எப்ப வந்தாருன்னு நான் கவனிக்கல" என்றார். எத்தனை வருடம் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணியிருக்கிறேன். விருந்தாட்கள் முன்னாலேயே, எங்க வீட்டுக்காரருக்குப் பிறந்த நாள் ஒண்ணுதான், எனக்கு ரெண்டு என்பேன். சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அவர் வாய் அசைகிறதைப் பார்த்திருக்கிறேன். யாரோடு பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு தரம்கூட நான் தனியாக அப்படிப் பேசியதில்லை. கேட்க ஆள் இருந்தால் எனக்கு ஜெபம் அருவி மாதிரி வரும், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில், கல்யாண வீட்டில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், டீச்சர் ஜெபம் பண்ணினா கல்லும் கரையும் என்பார்கள். ஆள் இல்லாத அறையில் வாயைத் திறந்தால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது. கொட்டாவி வரும். சமையலறையில் அணைக்க மறந்த அடுப்பு நினைவு வரும். வேலை அதிகம், களைப்பு, சாத்தான் தடுக்கிறான், இப்படி ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். தெரியாத வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்ற கூச்சம்தான் அது என்று இப்போது தெரிகிறது.

இரண்டாம் பாடம் தொடங்கிவிட்டது. போதகரின் மனைவி அய்யரம்மாவே வாசிக்கிறார்கள், நல்ல உச்சரிப்பு, குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் மனசுக்குப் பிடிகொம்பு இல்லாமல் போகிறது. மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று ஆடுகிறது. முன்னால் இருப்பவளின் கொண்டையில் மல்லிகை வாடத் தொடங்கியிருக்கிறது. அக்சா விரலில் பேனா மை, நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள், ஊசியும் ரத்தமும் புழங்குகிற கை. ஒரு நோயாளியைப் பற்றி நேற்று சொன்னாள், இயந்திரத்தில் கிடக்கும் நாலு மணி நேரமும் இவள் கையை விடமாட்டாராம், இவளும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாளாம். நான் அதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு இன்றைய பூ அலங்காரத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். மேபல் செத்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. மஞ்சள் காமாலை. அடக்க ஆராதனையில் ஒரு சிறு தாள் கொடுத்தார்கள், அவள் படம், கீழே மூன்று தேதிகள், பிறந்தது, மறுபடியும் பிறந்தது, கர்த்தருக்குள் நித்திரையடைந்தது. நடுத் தேதியைப் பார்த்தேன். மே பதினேழு, எழுபத்தொன்பது. என் வீட்டில் இருந்த பாத்திரத்தின் அடியில் இன்னொரு வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் அவளும் ஒரே நாள்லதானம்மா, நீ அவளுக்கும் சேத்து ஓடணும்" என்றார்கள். ஓடினேன். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் சங்கம், பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டி, அசன விருந்துக்குக் காய் வெட்டும் பெண்களை மேய்க்கிற வேலை, ஒன்றையும் விடவில்லை. நின்றால் விழுந்துவிடுவேன் என்று சைக்கிள் மிதிக்கிறவள் மாதிரி மிதித்தேன். கோயில் மணி அடிக்க ஆள் வராத அன்றைக்கு நானே அடித்திருக்கிறேன். இத்தனைக்கும் நடுவில் உள்ளே எரிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. திரியே போடாமல் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீர்த்தனை. எல்லோரும் எழுந்து நிற்கிறோம். ஐந்து சரணம், மூன்று போதும் என்று தாளில் நானே போட்டிருந்தேன், ஐந்தும் போட்டிருக்கலாம். பயமாக இருக்கிறது. நிஜமான பயம். கடைசி நாளில் ஆண்டவர் முன்னால் போய் நின்று, நான் உங்கள் கோயிலில் எத்தனை வேலை செய்தேன் என்று பட்டியலை நீட்டினால், யாரம்மா நீ என்று கேட்டுவிட்டால்? சிறுபிள்ளைகளுக்கு இதை நானே கதையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கண்ணை உருட்டி, குரலை மாற்றி. அறுபத்தொரு வயதில் ஓய்வுநாள் பள்ளித் தலைவி போய், எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று யாரிடம் சொல்ல. இப்போதே இந்தப் பாட்டுக்குள்ளேயே ஜெபம் பண்ணிப் பார்க்கலாமா. அன்பின் பரம பிதாவே, இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம், ஏழையேன் தகுதியற்றவளாய் உம்முடைய சமுகத்தில், போச்சு, வந்துவிட்டது அந்தக் குரல், மனசுக்குள்ளும் மைக் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். சரி, எழுந்து போய் எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டால்? நாற்பத்தாறு வருடப் பொய் என்று. அதை நினைத்த மாத்திரத்திலேயே எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் கம்ம வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தோன்றிவிட்டது. அழுவார்கள். டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை பாரு என்பார்கள். அடுத்த வருடம் பக்கத்துச் சேகரத்தில் கூப்பிட்டு அதையும் சொல்லச் சொல்வார்கள், நானும் போவேன். என்னை எனக்குத் தெரியாதா. அப்படியானால் பஸ் ஏற்றிவிடும்போது அக்சாவிடம் மட்டும் சொல்லலாம். கூட்டமாக இருக்கும். போனில் சொல்லலாம். கடிதம் எழுதலாம், கடிதத்தில் பக்குவமாக வரும். மே பதினேழைப் பற்றி அப்பாவிடம் சொல்லாததற்கும் இப்படித்தான் ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவரைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிறவரை பார்த்தேன். அந்த ரோஸ் அட்டை அவர் வேதப்புத்தகத்தோடு உள்ளே போய்விட்டது. இவளாவது உயிரோடு இருக்கிறாள். ஒரு கை தூரத்தில் இருக்கிறாள். பாடாமல், பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரிகிறபடி பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உட்கார்ந்தோம். அய்யரம்மா மைக்கைச் சரிசெய்துகொண்டு, இப்போது நம்முடைய சங்கச் செயலாளர் அவர்கள் தங்கள் சாட்சியைப் பகிர்ந்துகொள்வார்கள் என்றார்கள். அக்சா முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. "எம்மா, உங்களத்தான்" என்றாள். நான் அவள் பக்கம் சாய்ந்தேன், அந்த அட்டைக்காக ஒரு நாள் சாய்ந்ததைவிட நிறையவே சாய வேண்டியிருந்தது, வயதாகிவிட்டது. "அந்தத் தேதி என்னோடது இல்ல" என்றேன். "எது?" என்றாள். "மே பதினேழு. மேபலோடது. பக்கத்துல இருந்து பாத்து எழுதினேன், எழுதாட்டா காப்பி குடிக்க விடமாட்டாங்கன்னு. பேர் சொல்லிக் கூப்பிட்டது பொறவு நானா சேத்தது. என்ன யாரும் கூப்பிடல அக்சா." அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொன்னது இந்த வாய்தானா என்பது போல. அய்யரம்மா இன்னொரு தரம் என்னை அழைத்தார்கள். தலைகள் திரும்பின. பின்னால் யாரோ, டீச்சருக்கு மேலுக்குச் சொகமில்லையோ என்றார்கள். நான் கையை மட்டும் அசைத்தேன், இல்லை என்று. அய்யரம்மா கெட்டிக்காரி, பாடகர் குழுவைப் பார்த்துத் தலையசைத்தார்கள், அவர்கள் விட்டுப்போன நாலாவது சரணத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். இருபது வருடம்மா என்று கேட்பாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் மெல்ல மெல்ல இளகியது, அந்த இயந்திரத்துப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்கிறபோது இப்படித்தான் இருப்பாளாக்கும். பாட்டுச் சத்தத்துக்குள் என் காதருகே வந்து கேட்டாள், "அப்ப நீங்களும் என்ன மாரி இருந்து பாத்து, ஒண்ணும் வராமத்தான் அப்படி எழுதுனீங்களாம்மா?" எவ்வளவு நல்ல பதிலை அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், இருவரும் ஒரே பெஞ்சில் ஒரே துக்கத்தோடு உட்கார்ந்துகொள்ளலாம், அவள் என்னைக் கட்டிக்கொள்ளவும் செய்வாள். தலை பாதி அசைந்தும்விட்டது. பழக்கம் லேசில் விடுமா.

"இல்லட்டி" என்றேன். "நீ இருந்து பாத்த. நான் ஒரு நாளும் இருந்தே பாக்கல." அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். எழுந்து போகவில்லை.